இராசமணியின் பெயரில் வந்த நல்ல கொழுப்பு

சென்ற மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஓர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். "ஐயா, இந்த மனுசன்ர அப்போ ஏ-வன் புரதம் எவ்வளவு கூட எண்டு பாத்தீங்களே? இவருக்கு இனி இருதயத்தில ஒண்டும் வராது" என்றார். நான் சிரிக்கவில்லை. "உமக்கு ஆர் சொன்னது?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. ஏனென்றால் அதே சொல்லை, அதைவிட மோசமான சொல்லை, நானும் ஒருகாலத்தில் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் உங்களை ஏசுவது நியாயமில்லை.

முதலில் சோதனையைப் பற்றி நாலு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேளுங்கள். கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் அது ஓட வேண்டுமென்றால் ஒரு புரதம் அதைச் சுமக்க வேண்டும். நாளங்களின் சுவரில் தேங்கிய கொழுப்பை அள்ளி ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பொதியைத்தான் சனங்கள் நல்ல கொழுப்பு என்கிறார்கள். அந்தப் பொதியைக் கட்டி வைத்திருக்கும் முக்கியமான புரதம் உங்களுடைய அப்போ ஏ-வன். இன்றைக்கு நீங்கள் அந்தப் புரதத்தையே நேராக அளக்கிறீர்கள். எங்களுக்கு அந்தக் காலத்தில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், அந்த வசதி இருக்கவில்லை. மற்றக் கொழுப்புகளைப் படியவைத்துவிட்டு, மேலே தெளிந்து நிற்பதில் மிஞ்சியிருக்கும் நல்ல கொழுப்பை அளப்போம். வழி வேறு, விடயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு சோதனையும் சொல்லாத ஒன்று உண்டு. எதிரே நிற்கிற ஆளின் இருதயத்தில் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று அவை சொல்வதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வேலணையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் எங்கள் ஆய்வுகூடம். சொந்தக்காரர் யாழ்ப்பாண நகரத்தில் இருந்த ஒரு டொக்டர். கிழமைக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில் அங்கே ராசாவும் நான், மந்திரியும் நான், கூட்டித் துடைக்கிறவனும் நான். எனக்கு இருபத்தெட்டு வயது. கலியாணமாகவில்லை. வாயில் கதை கொஞ்சம் கூட. சோதனை செய்து இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்த இலக்கத்துக்கு இரண்டு வரி வியாக்கியானம் சொல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

திங்கட்கிழமை என்றால் நெடுந்தீவு ஆட்கள் வருவார்கள். விடியப்புறம் வள்ளம் ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து எங்களிடம் வந்துசேர ஒன்பது மணியாகும். சாப்பிடாமல் வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆகவே வெறும் வயிறு, அதில் பாதிப்பேர் கடலில் குமட்டிச் சத்தி எடுத்தவர்கள். எல்லோருக்கும் திரும்புகிற வள்ளத்தைப் பிடிக்க வேண்டும். "தம்பி, கெதியா எடும்" என்ற ஒரே பாட்டுத்தான். நான் டொக்டர்மார் சோதனை எழுதிக் கொடுத்த துண்டுகளை வாங்கி அடுக்கி, குழாய்களில் பெயர்களை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவேன். பிறகு ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். "ஓம்" என்றபடி ஒருவர் வந்து கதிரையில் இருந்து கையை நீட்டுவார். கட்டுவேன், நரம்பைத் தேடுவேன், எடுப்பேன், அடுத்த பெயர். அந்த வேகம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அப்படியான ஒரு திங்களன்று பத்தொன்பது துண்டுகள். அதில் ஒன்று க. இராசமணி, வயது ஐம்பத்திரண்டு. ஆணா பெண்ணா என்று துண்டில் இல்லை. இராசமணி என்ற பெயர் எங்கள் பக்கத்தில் இருபாலாருக்கும் உண்டு. நான் வாசித்தேன். "ஓம்" என்று ஒரு குரல். ஒரு கை நீண்டது. எடுத்தேன். அடுத்த பெயர்.

பத்து நாள் கழித்து அறிக்கையை வாங்க ஆள் வந்தது. நல்ல உயரம், அகன்ற தோள், மடித்துக் கட்டிய வேட்டி. ஆளுக்கு முன்னால் சுருட்டு மணம் வந்தது. மாட்டு அலுவலாக வேலணைக்கு வந்தவராம்.

"தம்பி, இராசமணியின்ர பேப்பர் இருக்கே? நெடுந்தீவு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உதில நல்லது எது, கூடாதது எது எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

கேட்டால் போதாதா? நான் எழும்பி நின்று விரலால் காட்டினேன். "அண்ணை, இஞ்ச பாருங்கோ, இதுதான் உங்கட நல்ல கொழுப்பு. இந்த வயசில ஒரு ஆம்பிளைக்கு இவ்வளவு நான் கண்டதேயில்லை."

பிள்ளைகளே, கண்டதேயில்லை என்று என் வாயே சொன்னது. ஏன் கண்டதில்லை என்று என் மூளை கேட்கவில்லை. எதிரே நின்றவர் ஐம்பது வயது தாண்டிய ஆண். இடுப்பு மடியில் சுருட்டுக் கட்டு. சுருட்டுக் குடிக்கிறவனுக்கு நல்ல கொழுப்புக் குறையும் என்று நான் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவன்.

அவர் உடனே போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "போன வரியம் என்ர அண்ணர் வயலுக்க விழுந்து அப்பிடியே போயிட்டார். இருதயம் எண்டு சொன்னவை. அதுதான் டொக்டர் எனக்கும் உதைப் பாக்கச் சொன்னவர். எனக்கு அப்பிடி வராதே தம்பி?"

அந்த முகத்தில் இருந்த பயத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதைப் போக்க வேண்டும்போல் இருந்தது.

"வராது அண்ணை. உங்கட இருதயம் இரும்பு."

அவர் கடிதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசலைத் தாண்டிப் போகும்போது அவருடைய நடையே மாறியிருந்தது. அடுத்த திங்கள் வள்ளத்தில் எனக்கு ஒரு போத்தல் நெய் வந்தது. கொழுப்புப் பார்க்கிறவனுக்கு நெய். நானும் வெட்கமில்லாமல் நக்கித் தீர்த்தேன். அதற்குப் பிறகு நெடுந்தீவிலிருந்து வருகிறவர்கள் "இராசமணியருக்குப் பாத்த அந்தச் சோதனையை எனக்கும் பாரும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலைந்து மாதம் போயிற்று. மாரிகாலம் பிறந்து வாடைக் காற்றுக் கிளம்பிவிட்டது. கடல் குழம்பினால் நெடுந்தீவுக் கூட்டமும் குறைந்துவிடும். அந்தத் திங்கள் மூன்றே மூன்று துண்டுகள். வழக்கம்போலப் பெயர் எழுதி ஒட்டினேன். "இராசமணி" என்று வாசித்தேன்.

"ஓம்" என்று ஒரு பெண் வந்து கதிரையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். சேலைத் தலைப்பு கடல் தண்ணீரில் நனைந்திருந்தது. காப்பை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

மூன்று பேர் மட்டும் என்றபடியால் அன்றைக்கு நான் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்களோ இராசமணி?"

"இல்லைத் தம்பி. அவர் என்ர மனுசன்."

"அவர் எங்கை?"

"வீட்டில. மாடுகளைப் பாக்க ஆள் வேணுமெல்லே. இப்ப இவ்வளவு தூரம் வர அவருக்கு ஏலாது. அதுதான் நான் வந்தனான். எடும் தம்பி." நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "போனமுறையும் நான்தானே தந்தனான். உமக்கு ஞாபகமில்லையே?"

கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்தேன்.

"அக்கா, அவருக்குப் பாக்கவேண்டிய இரத்தத்தை நீங்கள் எப்பிடித் தரலாம்?"

"ஏன் தம்பி?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "இருபத்தாறு வரியமா ஒரு சட்டியிலதானே ரெண்டு பேரும் சாப்பிடுறம். அவர் தின்னுற மீன்தான் நானும் தின்னுறன். அவர் குடிக்கிற பால்தான் நானும் குடிக்கிறன். கொழுப்பு சாப்பாட்டால வாறதுதானே? நீங்கள்தானே அந்தா அதில எழுதி ஒட்டியிருக்கிறியள்."

திரும்பிப் பார்த்தேன். சுவரில் என் கையெழுத்தில் பெரிய எழுத்து: கொழுப்பு, உணவினால் வருகிறது. முட்டை, இறைச்சி, நெய் எல்லாம் வர்ணப் பென்சிலால் கீறியிருந்தேன். மற்ற ஊரில் இது நடந்திருக்குமோ தெரியாது. கடலைத் தாண்டி இரத்தம் கொடுக்க வேண்டிய ஊரில், வீட்டுக்கு ஒருவர் போனால் போதும் என்று நினைப்பது இயற்கை. சாமான் வாங்கச் சங்கக்கடைக்கும் ஒருவர்தானே போகிறார். நான் எழுதிய பாதி உண்மையை வைத்துக்கொண்டு அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். மாதவிலக்கு நிற்காத வயதில் பெண்ணுக்கு நல்ல கொழுப்பும் அந்தப் புரதமும் ஆணைவிடக் கூடுதலாக இருக்கும். பரம்பரை உண்டு. சுருட்டு உண்டு. இவை ஒன்றும் என் சுவரில் இல்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு துண்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு வரிகள் இருந்தன. கீழ் வரி எனக்குரியது: இரத்தத்தில் கொழுப்பைத் திரும்பப் பார்க்கவும். மேல் வரி எனக்குரியதல்ல, அதனால் நான் அதை வாசித்திருக்கவேயில்லை: உடனடியாக யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி எடுக்கவும். உடனடியாக என்ற சொல்லுக்குக் கீழே டொக்டர் இரண்டு கோடு கீறியிருந்தார்.

"அக்கா, அவருக்கு என்ன செய்யுது?"

"கிணத்தில தண்ணி அள்ளேக்க நெஞ்சு இறுக்குது எண்டவர். கொஞ்சம் இருந்தாப் போயிடும். பிறகு மாட்டுக்குப் பின்னால நடந்தாலும் வரத் தொடங்கிட்டுது. முந்தநாள் சாப்பிட்டுட்டுச் சும்மா இருக்கேக்கையே வந்திட்டுது தம்பி. உடம்பெல்லாம் வேர்த்து, இடக்கை விறைச்சு... நான் பயந்துபோனன். நேற்றுத் தீவுக்கு வந்த டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போனனான். அவர் பட்டினத்துக்குப் போகச் சொன்னவர். இவர் கேட்டாத்தானே?"

"ஏன் கேக்கேல்லை?"

"லாப் தம்பி என்ர இருதயம் இரும்பு எண்டு சொன்னவர், இது வாயு எண்டுறார். இரத்தத்தை மட்டும் திருப்பிப் பாப்பம், அது சரியெண்டா ஒருத்தரிட்டயும் போகத் தேவையில்லையாம்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த யோசனை என்னைக் காப்பாற்றிக்கொள்வது பற்றியதுதான். 'அடுத்த திங்கள் அவரையே கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா' என்று சொல்லி அனுப்பலாம். பழைய அறிக்கையை வாங்கிக் கிழித்துவிடலாம். ஒரு காக்காய்க்கும் தெரியவராது. இரண்டாவது யோசனை, ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்புவது. நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. ஆனால் டொக்டரே கோடு கீறி எழுதியதைத் தள்ளிவிட்ட மனுசன் என் கடிதத்தையா மதிப்பார்? அவர் நம்பிக்கொண்டிருந்தது என் வாய்ச்சொல்லை. அதை என் வாயால்தான் திரும்ப வாங்க வேண்டும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுக்குகிற ஆளுக்கு அடுத்த திங்கள் வருமா என்பதும் எனக்குத் தெரியாது.

தபால் கந்தோருக்கு ஓடி நகரத்து டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். லைன் செத்துக் கிடந்தது. அது ஒருவகையில் நல்லதுதான். "நீர் லாப் ஆள், உம்முடைய வேலையைப் பாரும்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நின்றிருக்கவும் கூடும். மற்ற இரண்டு பேரும் பசியோடு இருந்தார்கள். அவர்களிடம் இரத்தம் எடுத்து, பிரித்து, குளிர்ப் பெட்டிக்குள் வைத்தேன். கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். "வாங்கோ அக்கா, நானும் வாறன்" என்றேன்.

அன்றைய கடல் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் குடலைக் கக்க, அந்த அக்கா என் சட்டைக் கொலரைப் பிடித்தபடி இருந்தார். கொஞ்சம் அடங்கியபிறகு காதோடு சொன்னார். "தம்பி, உள்ளதைச் சொல்லுறன். உவருக்கு ஊசி எண்டாச் சரியான பயம். நாம்பன் மாட்டைக் கொம்பில பிடிச்சு விழுத்துவார். ஊசியைக் கண்டா மயங்கி விழுந்திடுவார். வெளியில சொல்லிப்போடாதையும், மனுசன் உயிரை விட்டுடும்."

பிற்பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இராசமணி அண்ணை முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தார். பவளக்கல் வேலிக்கு அப்பால் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் ஆள் வேண்டுமாம், ஆனால் எழும்பிப் போய்ப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. வீட்டு முன்சுவரில் மாலை போட்ட ஒரு படம், இறந்த அண்ணருடையது. அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு என்னுடைய அறிக்கை.

"என்ன தம்பி, என்ர இரத்தத்தைத் தேடி நீரே வந்திட்டீரோ?"

"அண்ணை, நான் உங்களுக்குச் சொன்னது பிழை."

"எது பிழை?"

"உங்கட இருதயம் இரும்பு எண்டது. அது உங்கட இரத்தமில்லை. உங்கடையா இருந்திருந்தாலும் நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்ல எனக்குத் தகுதியில்லை."

அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப உந்தப் பேப்பர் பொய்யோ?"

"பேப்பர் பொய்யில்லை. அது அக்காவின்ர. உங்கட பேரில இருக்குது, அவ்வளவுதான்."

"ஒரு சட்டிச் சோறுதானே தம்பி."

"அக்கா சுருட்டுக் குடிக்கிறவவே?"

அவர் தன் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார். "உது வாயு" என்றார் மெல்ல.

குசினி வாசலில் நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "உங்கட அண்ணரும் வாயு எண்டுதான் சொன்னவர். நான்தான் அவருக்கு இஞ்சி இடிச்சுக் குடுத்தனான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அழுகிற சத்தம் கேட்டது.

இராசமணி அண்ணை கதிரையை என் பக்கம் அரக்கினார். குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். "தம்பி, பெரியாஸ்பத்திரியில ஊசி போடுவினமோ?"

என் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்ல இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. 'இல்லை அண்ணை, வயரை மட்டும்தான் ஒட்டுவினம்' என்று சொன்னால் ஆள் அந்த நிமிடமே எழும்பி வந்துவிடுவார். அது முழுப் பொய்யும் இல்லை. உயிரைக் காப்பாற்றத்தானே சொல்கிறேன் என்று சமாதானமும் தயாராக இருந்தது. ஆனால் அவருக்கு இனிப்பாக இருக்கட்டும் என்று நான் சொன்ன ஒரு சொல்தான் அவரை இந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருந்தது. இரண்டாவது தடவையும் அதையே செய்ய எனக்கு வாய் வரவில்லை.

"இ.சி.ஜி எடுக்க ஊசி இல்லை அண்ணை. வயர் மட்டும்தான். ஆனா அதில வருத்தம் தெரிஞ்சா ஆஸ்பத்திரியிலயே மறிச்சு வைப்பினம். ஊசி போடுவினம். எத்தினை எண்டு எனக்குத் தெரியாது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீர் பக்கத்தில நிப்பீரே?"

"நிப்பன்."

"அப்ப காலமை முதல் வள்ளத்தில போவம்" என்றார். கையிலிருந்த சுருட்டை அப்படியே கல் வேலிக்கு மேலால் எறிந்தார்.

இரவு அங்கேயே தங்கினேன். அக்காவின் கையால் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். விடிந்ததும் அவரைத் துறைக்கு நடக்க விடவில்லை, ஒரு மாட்டு வண்டியைப் பிடித்தோம். "கிழவன்மாதிரி வண்டியில போறன், சனம் பாக்குது" என்று வழிமுழுக்கப் புறுபுறுத்தார். புறுபுறுக்கிற மட்டும் எனக்கு நிம்மதி. குறிகட்டுவானில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். மண்டைதீவுப் பக்கம் ஆமிக்காரர் பாதையை மறித்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் கிடந்தோம். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அவருக்குத் திரும்ப நெஞ்சு இறுக்கியது. சட்டை நனைந்துவிட்டது. நான் நாடியைப் பிடித்தபடி இருந்தேன், எண்ணத் தெரியுமே தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியாது. அக்கா அவருடைய மற்றக் கையைப் பிடித்திருந்தார். பாதை திறந்தது.

பெரியாஸ்பத்திரியில் இ.சி.ஜி எடுத்த கையோடு உள்ளே கொண்டுபோனார்கள். கடமையில் நின்ற டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு மூண்டு நாள் விட்டிருந்தா உங்களுக்கு இந்த ஆள் கிடைச்சிருக்கமாட்டார்" என்றார். நான் சொன்ன வாக்கின்படி முதல் ஊசிக்குப் பக்கத்தில் நின்றேன். நாம்பன் மாட்டை விழுத்துகிற கை என் விரல்களைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் எனக்குப் பேனை பிடிக்க முடியவில்லை. ஆனால் அவர் மயங்கவில்லை. பதினாறு நாள் கழித்து நடந்தே வெளியே வந்தார். சுருட்டை விட்டார், தண்ணீர் அள்ளுவதை விட்டார், மாடுகளை விடவில்லை. அதற்குப் பிறகு நல்ல பல வருடங்கள் இருந்தார். பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்ததை நானே கண்டேன். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழை அது. அதை நினைக்கும்போது இன்றைக்கு எனக்குச் சந்தோசமாகவும் இருக்கிறது, என்ன செய்ய.

நகரத்து டொக்டருக்கு எல்லாவற்றையும் நானே சொன்னேன். நல்ல ஏச்சு விழுந்தது. வேலை போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த என் ஓவியத்தைக் கழற்றினேன். அன்றிலிருந்து நான் பெயரை வாசிப்பதை விட்டுவிட்டேன். நாம் ஒரு பெயரைச் சொன்னால், பசியிலும் அவசரத்திலும் இருக்கிற மனிதர் எதற்கும் "ஓம்" என்பார். "உங்கட பேர் என்ன?" என்று கேளுங்கள். அவர் வாயால் வரட்டும். பிறகு குழாயில் எழுதுங்கள். துண்டில் எத்தனை வரி இருந்தாலும் எல்லாவற்றையும் வாசியுங்கள். இலக்கம் மிக நன்றாக இருந்தால், மிகக் கெட்டதாக இருக்கும்போது எப்படிச் சந்தேகப்படுவீர்களோ அப்படியே சந்தேகப்படுங்கள். நல்ல கொழுப்போ, உங்களுடைய புரதமோ, கூட இருந்தால் நல்லதுதான். ஆனால் நெஞ்சு நோகிறது என்று ஒருவர் சொன்னால் அந்த இலக்கத்தை மூடி வைத்துவிட்டு, இருதயத்தைப் பார்க்கிறவர்களிடம் அனுப்புங்கள்.

இருதய வருத்தம் வந்த உடனே இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். கடும் நோயில் இந்தப் புரதமும் நல்ல கொழுப்பும் தற்காலிகமாக விழுந்துவிடும். ஆகவே மூன்று மாதம் பொறுத்து வரச் சொல்லியிருந்தேன். காற்று மாறிக் கடல் அடங்கிய ஒரு திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். இராசமணி அண்ணை கதிரையில் இருந்து, நான் கேட்க முதலே தன் பெயரைச் சத்தம்போட்டுச் சொல்லி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினார். எடுத்து முடித்தேன். பிறகு பார்த்தபோது, அவருடைய உண்மையான நல்ல கொழுப்பு, சட்டம் போட்ட அறிக்கையில் இருந்ததில் பாதிகூட இல்லை.

தேத்தண்ணீர் ஊற்றினேன். அக்கா வாங்கவில்லை. சுவரோரமாக நின்றார்.

"குடியுங்கோ அக்கா. இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்."

"இல்லைத் தம்பி. நானும் ராத்திரியில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை." தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்குத் துண்டு ஒண்டும் இல்லை. அந்த நல்ல கொழுப்பு இன்னும் எனக்குள்ள இருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கலாமே?"

"ஏன் பாக்க ஏலாது? இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். புதிய குழாய் ஒன்றை எடுத்து, பெயர் ஒட்டும் கடிதாசியை மேசையில் வைத்து, பேனையைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தப் பெண்ணின் இரத்தத்தை எடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். இவரோடு கடல் கடந்திருக்கிறேன், இவர் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறேன், ஆஸ்பத்திரி விறாந்தையில் பதினாறு நாளும் போய்வந்து இவரோடு இருந்திருக்கிறேன். இவர் அன்றைக்குக் கடலைத் தாண்டி வராவிட்டால் அந்த மனுசன் இன்றைக்கு இல்லை. எனக்கு இவர் பெயர் தெரியாது.

"அக்கா, உங்கட பேர் என்ன?"

அவர் வெட்கப்பட்டுக் கணவனைப் பார்த்தார். "சொல்லன், உன்ர பேரைத்தானே கேக்கிறார்" என்றார் அவர்.

"அன்னலட்சுமி."

எழுதி ஒட்டினேன். பிறகு முகத்தைப் பார்த்து இன்னொருமுறை கேட்டேன். இந்த முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.